பிளாஸ்மா தியரில ரிசர்ச் பண்ணணும்னு ஆசையா? எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு சொல்றேன்

ஃப்யூஷன், அதாவது பிளாஸ்மாவ (எலக்ட்ரான், அயான்னு பிரிஞ்சு போற அளவு சூடான வாயு) காந்தப்புலத்துல அடைச்சு அணுக்கருவ சேத்து எனர்ஜி எடுக்கற பக்கம் வரணும்னு ஆசைப்பட்டு என்கிட்ட கேக்கற பசங்க பொண்ணுங்க முக்கால்வாசி பேர் முதல்ல கேக்கறது "எந்த மெஷின்ல வேலை பாக்கலாம்"னுதான். ஐட்டர்ல (பல நாடு சேந்து ஃப்ரான்ஸ்ல கட்டற மெஷின்) சேரலாமா, ஸ்டெல்லரேட்டர் (இன்னொரு வகை மெஷின், கீழ சொல்றேன்) பக்கம் போலாமா, பிரைவேட் கம்பெனி பெட்டரா, இப்படி. நான் திருப்பி கேக்கறது, உங்க மண்டைய குடையற கேள்வி எதுன்னு. ஏன்னா மெஷின மட்டும் நம்பி கேரியர் போட்டா கஷ்டம். அமெரிக்காவுல டிஎஃப்டிஆர்னு ஒண்ணு இருந்துச்சு, 1997ல மூடிட்டாங்க. இங்கிலாந்துல ஜெட், 1983ல முதல் பிளாஸ்மா, 2023 டிசம்பரோட நிறுத்தியாச்சு. ஐட்டர் ஒப்பந்தம் கையெழுத்தானது 2006ல, 2024ல வந்த புது அட்டவணைப்படி ரிசர்ச் ஆப்பரேஷன் 2034லதான். அந்த டேட்டாவுக்காகவே 2006ல பிஎச்டி சேந்து காத்துக்கிட்டிருக்கற ஆள கற்பனை பண்ணி பாருங்க, தலை நரைச்சு போயிருக்கும். அதே சமயம் "உள்ள இருக்கற வெப்பம் ஏன் இவ்ளோ சீக்கிரம் வெளிய வந்துடுது"ங்கற கேள்விய எடுத்தவங்க எந்த மெஷின் மூடினாலும் அடுத்த மெஷின் டேட்டாவ வாங்கி வேலைய தொடர்ந்துட்டே இருந்தாங்க. கேள்வி கையில இருந்தா மெஷின் மாறலாம், ஊர் மாறலாம், கோடு (சிமுலேஷன் புரோகிராம்) மாறலாம், ஒண்ணும் ஆகாது.

சரி, கேள்வி எங்கேர்ந்து வரும்? படிச்சாதான் வரும். அத எந்த வரிசையில படிக்கறதுன்னு பாப்போம்.

க்வாண்டம் மெக்கானிக்ஸ்ல புலியா இருக்கணும்னு அவசியமே இல்ல. டியூட்டீரியமும் ட்ரிட்டியமும் சேந்தா ஒரு ஹீலியமும் ஒரு நியூட்ரானும் வரும், மொத்தம் 17.6 மெகா எலக்ட்ரான் வோல்ட் எனர்ஜி, அதுல 14.1ஐ நியூட்ரான் தூக்கிட்டு சுவத்துக்கு போயிடும், மீதி 3.5 ஹீலியத்தோட, அது சார்ஜ் உள்ளதால காந்தப்புலத்துல மாட்டி உள்ளயே இருந்து பிளாஸ்மாவ சூடாக்கும். நியூக்ளியர் சமாச்சாரம் நமக்கு ஏறக்குறைய இவ்ளோதான். மீதி எல்லாம் கிளாசிக்கல். ஹாமில்டனியன் மெக்கானிக்ஸ், எலக்ட்ரோமேக்னடிசம், ஸ்டாட்டிஸ்டிகல் மெக்கானிக்ஸ், பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன், இந்த நாலும் கைல இருக்கணும். இதுல பசங்க அசால்ட்டா விடறது ஹாமில்டனியன், அப்பறம் டிரிஃப்ட் ஆர்பிட் (துகள் மெல்ல நகர்ற பாதை) வரும்போது முழிப்பாங்க.

பிளாஸ்மா பாடத்த தனித் துகள்லேர்ந்து தொடங்குங்க. ஒரு அயான் காந்தப்புலத்துல சுத்துது, அந்த புலம் ஒரு பக்கம் வலுவாவும் இன்னொரு பக்கம் பலவீனமாவும் இருந்தா அது மெல்ல நகருது, இதுதான் டிரிஃப்ட். இத வச்சே ஒரு பெரிய விஷயம் புரிஞ்சுடும். நேரான காந்தக் குழாய்ல ரெண்டு முனை வழியாவும் பிளாஸ்மா ஓடிடும், சரி முனையே இல்லாம வளையமா வளைச்சுடலாம்னு வளைச்சா, உள்பக்கம் புலம் அதிகம், வெளிப்பக்கம் கம்மி, அதனால அயான் மேல போனா எலக்ட்ரான் கீழ போகுது, நடுவுல ஒரு மின்புலம் வந்து நிக்குது, அந்த மின்புலம் மொத்த பிளாஸ்மாவையும் வெளிய தள்ளிடுது. அதனாலதான் புலக்கோட்ட முறுக்கணும். பிளாஸ்மாக்குள்ளயே கரண்ட் ஓட விட்டு முறுக்கினா டோகமாக், சோவியத் பக்கம் டாமும் சகாரோவும் 50கள்ல போட்ட யோசனை. வெளிய இருக்கற காயில, அதாவது கம்பிச்சுருள, வச்சே முறுக்கினா ஸ்டெல்லரேட்டர், பிரின்ஸ்டன்ல ஸ்பிட்சர் 1951ல. இந்த ஒரு பத்திய எந்த புத்தகமும் பாக்காம படம் போட்டு, அம்புக்குறி எந்தப் பக்கம்னு தப்பில்லாம உங்களால விளக்க முடிஞ்சாதான் அடுத்த பக்கம் திருப்பணும். இன்டர்வியூல நான் இதத்தான் முதல்ல கேப்பேன், பாதி பேர் அம்புக்குறில விழுந்துடுவாங்க.

அடுத்தது கைனெடிக் தியரி, அதாவது துகளுங்க என்னென்ன வேகத்துல எத்தன இருக்குன்னு வச்சு பிளாஸ்மாவ பாக்கறது. லாண்டாவ் டேம்பிங்கோட ரெண்டு வாரமாவது மல்லுக்கட்டுங்க. மோதலே இல்லாம ஒரு அலை எப்படி தேஞ்சு போகும்ங்கறத லாண்டாவ் 1946ல பேப்பர்ல காட்டினாரு, மால்ம்பெர்கும் வார்ட்டனும் லேப்ல அளந்து காட்டினது 1964ல. நடுவுல பதினெட்டு வருஷம். இத கான்டூர் இன்டக்ரல் வழியாவும் ஒரு தடவ போடுங்க, துகள் அலையோட ஓடி எனர்ஜி மாத்திக்கற கதையாவும் ஒரு தடவ போடுங்க, ரெண்டும் ஒரே விடை தர்றப்போ ஒரு நிம்மதி வரும் பாருங்க. எம்எச்டி, அதாவது பிளாஸ்மாவ மின்சாரம் கடத்தற திரவமா பாக்கற பாடம், அது மூணாவதா வந்தா போதும். முதல்லயே அத படிச்சா பிளாஸ்மான்னா தண்ணி மாதிரின்னு ஒரு பழக்கம் ஒட்டிக்கும், அப்பறம் போகாது.

இப்ப முக்கியமான இடம். தியரி ஆளுக்கு சோறு போடற திறமை பெரிய ஈக்வேஷன் எழுதறது இல்லீங்க, ஒரு தாள்ல அஞ்சு நிமிஷத்துல நம்பர் போடறது. ஒண்ணு போட்டு காட்டறேன், கூடவே போடுங்க.

ஐட்டர் அளவு எடுத்துப்போம். காந்தப்புலம் 5 டெஸ்லா சொச்சம், பிளாஸ்மா குறுக்குவெட்டோட ரேடியஸ் 2 மீட்டர், வெப்பநிலை 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்னு வைங்க (11 கோடி டிகிரிக்கு மேல), அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 10²⁰ துகள். டியூட்டீரியம் அயான் சுத்தற வட்டத்தோட ரேடியஸ் கணக்கு போட்டா சுமார் 3 மில்லிமீட்டர் வரும். வேகம் செகண்டுக்கு சுமார் 700 கிலோமீட்டர். இன்னொரு அயானோட மோதறது செகண்டுக்கு ஒரு 60 தடவ. அதாவது ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் நடுவுல பத்து கிலோமீட்டருக்கு மேல ஓடுது, வளையத்தோட சுத்தளவோ 40 மீட்டர் கூட இல்ல, ஆக முன்னூறு ரவுண்டு அடிச்சப்பறம்தான் ஒரு உருப்படியான மோதல். தண்ணி மாதிரின்னு நினைக்காதீங்கன்னு சொன்னது இதுக்குத்தான்.

இப்ப வெப்பம் எவ்ளோ நேரத்துல வெளிய வரும்? குடிகாரன் நடை மாதிரி நினைங்க, ஒவ்வொரு மோதலுக்கும் 3 மில்லிமீட்டர் ஒரு எட்டு, செகண்டுக்கு 60 எட்டு. எட்டோட ஸ்கொயர அறுபதால பெருக்கி, 2 மீட்டரோட ஸ்கொயர அதால வகுத்தா ஏழாயிரம் செகண்டுக்கு மேல, ரெண்டு மணி நேரம் வருது. ஆஹா இப்படி இருந்தா இவ்ளோ பெரிய மெஷினே தேவையில்லையேன்னு தோணும். ஆனா வளையத்துல சில அயானுங்க காந்தப்புலம் பலமா இருக்கற இடத்துல பட்டு திரும்பி வாழைப்பழ வடிவத்துல ஆடும், அந்த வாழைப்பழத்தோட அகலம் 3 மில்லிமீட்டர விட நல்லாவே பெருசு, அத சேத்தா இருபது முப்பது மடங்கு வேகமா கசியும், சில நிமிஷம்னு வரும். இதுக்கு பேர் நியோகிளாசிக்கல். அதுவும் நிஜம் இல்ல. ஐட்டர்ல எதிர்பாக்கறதே மூணு நாலு செகண்ட்தான்.

மூணாவது கணக்குதான் நிஜத்துக்கு கிட்ட வருது. உள்ள சூடு வெளிய குளிர்னு இருக்கறதால பிளாஸ்மா கொந்தளிக்குது, சுழல் வருது, சுழலோட அளவு கிட்டத்தட்ட அந்த 3 மில்லிமீட்டர் ரேஞ்ச்னு வைங்க, அது ஒரு சுத்து சுத்தற நேரம் 2 மீட்டர 700 கிலோமீட்டரால வகுத்தா வர்ற 3 மைக்ரோசெகண்ட்னு வைங்க. எட்டோட ஸ்கொயர நேரத்தால வகுங்க, செகண்டுக்கு 3 ஸ்கொயர் மீட்டர். 4ஐ 3ஆல வகுத்தா ஒரு செகண்ட் சொச்சம். அவ்ளோதான்! ரெண்டு மணி நேரம் எங்க, ஒரு செகண்ட் எங்க, மூணு நாலு செகண்டுக்கு எது பக்கம்னு பாருங்க. காரணம் கொந்தளிப்புதான்னு ஒரு தாள் கணக்கே காட்டிடுது. சூப்பர்கம்ப்யூட்டர் வேலை எல்லாம் அந்த "ஒரு செகண்ட் சொச்சம்"ங்கறத சரியான நம்பராக்கறதுக்குத்தான். இந்த மாதிரி கணக்கு வாரத்துக்கு ஒண்ணு போடற பழக்கம் வச்சுக்கங்க, பிளாஸ்மா ஃபார்முலா எல்லாம் சேத்த சின்ன கையேடுங்க இலவசமாவே கிடைக்குது, பையிலயே இருக்கட்டும்.

அப்பறம் எந்த கிளைல உக்காரறதுன்னு ஒரு முடிவு எடுக்கணும். கொந்தளிப்பு ஒண்ணு. பிளாஸ்மா திடீர்னு உடைஞ்சு கரண்ட் எல்லாம் மில்லிசெகண்ட்ல காலியாகற டிஸ்ரப்ஷன், கூடவே வர்ற ரன்அவே எலக்ட்ரான் (கட்டுக்கடங்காம வேகமெடுக்கற எலக்ட்ரான்), அது இன்னொண்ணு. 3.5 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஹீலியம் மாதிரி வேகத் துகளுங்க ஆல்ஃபென் அலைய (காந்தப் புலக்கோடு கம்பி மாதிரி அதிர்றது) கிளப்பி விடறது ஒரு கிளை. விளிம்பு, டைவர்ட்டர் (வெளிய வர்ற வெப்பத்தயும் அழுக்கயும் வாங்கிக்கற பகுதி), சுவர் ஒரு கிளை. ஸ்டெல்லரேட்டர் வடிவத்த கம்ப்யூட்டர்ல தேடறது ஒண்ணு. என் ஓட்டு கேட்டா, இப்ப ஆள் பத்தாம இருக்கறது விளிம்புலதான், எல்லாரும் நடுவுல இருக்கற அழகான தியரிக்கு ஓடறாங்க, விளிம்புல நியூட்ரல் கேஸ், அழுக்கு, சுவர்னு எல்லாம் கலந்து அசிங்கமா இருக்கும், அதான் காரணம். ஸ்டெல்லரேட்டர் கணக்கு பிடிச்சவங்களுக்கு சொர்க்கம். ஜெர்மனில க்ரைஃப்ஸ்வால்ட்ல 2015 டிசம்பர்ல ஓட ஆரம்பிச்ச வெண்டெல்ஸ்டைன் 7-எக்ஸ்ல 50 காயிலு ஒவ்வொண்ணும் கசக்கிப் போட்ட கம்பி வளையம் மாதிரி இருக்கும், பாத்தா எவனோ குடிச்சுட்டு வளைச்சது மாதிரி, ஆனா அந்த வளைவு எல்லாம் தியரி ஆளுங்க துகள் வெளிய ஓடாம இருக்க கணக்கு போட்டு தேடி எடுத்தது.

நான் இருக்கறது கொந்தளிப்புல, அதனால கோடு பத்தி கொஞ்சம் நீட்டி சொல்றேன், பொறுத்துக்கங்க.

இங்க அடிப்படை கருவி கைரோகைனெடிக்ஸ். துகளோட இடம் மூணு, வேகம் மூணு, ஆக ஆறு பரிமாணம், ஆனா அந்த குட்டி வட்டத்துல வேகமா சுத்தறத சராசரி எடுத்துட்டா ஒரு பரிமாணம் குறையும், அஞ்சு. குறையறது ஒண்ணுதானேன்னு நினைக்காதீங்க, அந்த வேகமான சுத்தல பின்தொடர வேண்டியதில்லைங்கறதால நேர அடியும் பல மடங்கு பெருசாகுது, அப்பதான் கம்ப்யூட்டர்ல ஓட்டவே முடியுது. 1982ல ஃப்ரீமனும் சென்னும் நான்லீனியர் ஈக்வேஷன எழுதினாங்க. இப்ப ஜீன், ஜிஎஸ்2, சிஜைரோன்னு கோடுங்க நிறைய, நிறைய இடத்துல ஃபோர்ட்ரான்தான், மூக்க சுளிக்காதீங்க, கத்துக்கங்க.

புதுசா கோடு கைல வந்தா யாரும் சொல்லாமலே ரெண்டு டெஸ்ட் ஓட்டணும். ஒண்ணு ரோசன்ப்ளூத் ஹின்டன் டெஸ்ட். 1998ல அவங்க ரெண்டு பேரும் சோனல் ஃப்ளோ, அதாவது வளையம் முழுக்க ஓடற பட்டை பட்டையான ஓட்டம், மோதல் இல்லாதப்ப முழுசா அழியாது, ஒரு மிச்சம் நிக்கும்னு கைக்கணக்குல காட்டினாங்க. உங்க கோடு அந்த மிச்சத்த சரியா குடுக்குதான்னு பாருங்க. இந்த ஓட்டம்தான் சுழல துண்டு துண்டா வெட்டி கசிவ குறைக்கும், இதுல கோட்ட விட்டா பின்னாடி வர்ற எந்த நம்பரும் உருப்படாது. ரெண்டாவது சைக்ளோன் பேஸ் கேஸ், 2000த்துல பல கோட ஒண்ணா வச்சு ஒப்பிட்டு வந்த பேப்பர், அதுல இருக்கற வளைகோடு மேல உங்க புள்ளி உக்காரணும்.

நான் இதுல பட்ட அசிங்கத்தயும் சொல்லிடறேன். பிஎச்டி ரெண்டாம் வருஷம், என் வெப்ப கசிவு பப்ளிஷ் ஆன நம்பர விட எப்பவும் ஒரே விகிதத்துல தள்ளியே வந்துச்சு. கிரிட் மாத்தினேன், நேர அடி மாத்தினேன், பாக்ஸ பெருசாக்கினேன், மூணு வாரம் போச்சு, ராத்திரி பகல்னு இல்ல, ஒரு கட்டத்துல புது இயற்பியல் கண்டுபுடிச்சுட்டேன்னே நம்ப ஆரம்பிச்சு கைடுக்கு ஒரு நீள மெயில் டைப் பண்ணி வச்சிருந்தேன், நல்லவேளை அனுப்பல. கடைசில என்னன்னா, வெப்பவேகம்னு அந்த பேப்பர்ல சொன்னதுல ரூட் 2 இல்ல, என் கோடுல ரூட் 2 இருந்துச்சு. அவ்ளோதான் விஷயம். ஒரு கோடு வெப்பநிலைய நிறையால வகுத்து ரூட் எடுக்கும், இன்னொண்ணு ரெண்டால பெருக்கிட்டு ரூட் எடுக்கும், கைரோ ரேடியஸ்ல அது ஒட்டிக்கும், கசிவுல அது மூணு தடவ பெருக்கப்பட்டு வரும். அதுலேர்ந்து எந்த பேப்பர் எடுத்தாலும் நான் முதல்ல படிக்கறது நார்மலைசேஷன் (எந்த அளவ 1னு வச்சு கணக்கு போடறாங்கங்கறது) பத்திதான், அப்ஸ்ட்ராக்ட் கூட அப்பறம்தான். நீங்களும் நோட்ல முதல் பக்கத்துல அந்த கோடுக்கான நார்மலைசேஷன கைல எழுதி ஒட்டி வச்சுக்கங்க.

தியரி ஆளா இருந்தாலும் கன்ட்ரோல் ரூம்ல போய் உக்காருங்க. வருஷத்துக்கு ரெண்டு வாரமாவது. டேட்டா ஃபைல் வாங்கி ஃபிட் பண்றது வேற, ஒரு ஷாட் (மெஷின்ல ஒரு தடவ பிளாஸ்மா ஓட்டறது) நடக்கறப்போ "இந்த சேனல் இன்னிக்கு சரியில்ல, நம்பாத"ன்னு டயக்னாஸ்டிக் (அளவெடுக்கற கருவி) பாக்கறவங்க வாயால கேக்கறது வேற. இந்த துறையோட சரித்திரமே அளவெடுக்கறதுல மாட்டினது, மீண்டதுதான். 1958 ஜனவரில இங்கிலாந்துல ஜீட்டா மெஷின்ல நியூட்ரான் வந்துச்சு, ஃப்யூஷன் வந்தாச்சுன்னு பேப்பர் எல்லாம் தலைப்பு, அதே வருஷம் சில மாசத்துல வாபஸ். நியூட்ரான் வந்தது நிஜம், ஆனா பிளாஸ்மா மொத்தமா சூடானதால வரல, நிலையில்லாம துடிச்சதுல சில அயான் மட்டும் வேகமெடுத்து வந்தது. பத்து வருஷம் கழிச்சு 1968ல சோவியத் ஆளுங்க நோவோசிபிர்ஸ்க் மாநாட்டுல டி-3 டோகமாக்ல எலக்ட்ரான் ஒரு கோடி டிகிரின்னு சொன்னப்ப சூடு கண்ட பூனை மாதிரி யாரும் நம்பல. 1969ல இங்கிலாந்து டீமே லேசர தூக்கிட்டு மாஸ்கோ போய், குளிர் யுத்த காலத்துலங்க, தாம்சன் ஸ்காட்டரிங் (லேசர் ஒளி எலக்ட்ரான்ல பட்டு சிதறறது) வச்சு அளந்து ஆமா சரிதான்னு சொன்னாங்க. அதுக்கப்பறம்தான் உலகம் பூரா டோகமாக் கட்ட ஆரம்பிச்சாங்க, பிரின்ஸ்டன்ல இருந்த ஸ்டெல்லரேட்டரையே டோகமாக்கா மாத்திட்டாங்க.

கன்ட்ரோல் ரூம் போக இன்னொரு காரணம், தியரிக்கு ரெண்டு பக்கமும் அடி விழும், அது பழகணும். 1982ல ஜெர்மனில கார்ஷிங்ல ஆஸ்டெக்ஸ் மெஷின்ல வாக்னர் குரூப் சூடு ஏத்திட்டே போறப்ப பிளாஸ்மா திடீர்னு தானா வெப்பத்த நல்லா பிடிச்சு வைக்க ஆரம்பிச்சுச்சு, அதான் எச்-மோட், எந்த தியரிக்காரரும் முன்கூட்டி சொல்லல, இன்னிக்கும் அத முழுசா கணக்குல கொண்டுவர மல்லுக்கட்டிட்டுதான் இருக்கோம். பூட்ஸ்ட்ராப் கரண்ட் அப்படியே உல்டா. பிளாஸ்மா தன் அழுத்த சரிவாலயே தனக்கு கரண்ட் உண்டாக்கிக்கும்னு 1971ல பிக்கர்டன், கானர், டெய்லர் பேப்பர்ல எழுதினாங்க, மெஷின்ல தெளிவா பாக்க பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. உங்க கேரியர்ல ரெண்டாவது மாதிரி ஒண்ணு நடக்கணும்னா ஷாட்டுக்கு முன்னாடியே நம்பர் சொல்லி, தேதி போட்டு, எழுதி வைக்கணும். ஷாட் முடிஞ்சப்பறம் சிமுலேஷன் ஒத்துப்போச்சுன்னு காட்டறவங்கள நான் அவ்ளோவா மதிக்கறதில்ல, அஞ்சு இன்புட்ட எர்ரர் பாருக்குள்ள கொஞ்சம் கொஞ்சம் தள்ளினா எதுவும் ஒத்துப்போகும்.

வேலை விஷயம். பிஎச்டி மூணுலேர்ந்து ஆறு வருஷம், நாட்ட பொறுத்து. கைடு தேர்ந்தெடுக்கறப்போ அவர் பேர் எவ்ளோ பெருசுன்னு பாக்காதீங்க, அவர்கிட்ட படிச்சவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு பாருங்க, அவங்களுக்கே மெயில் போட்டு எத்தன நாளுக்கு ஒரு தடவ உக்காந்து பேசுவாருன்னு கேளுங்க, சொல்லுவாங்க. போஸ்ட்டாக் ரெண்டு மூணு வரும், அதுல ஒண்ணாவது பிஎச்டி பண்ண கோட விட்டு வேற கோடு, வேற மெஷின் பக்கம் போகணும், இல்லன்னா அந்த கோடோட ஆப்பரேட்டர்னு முத்திரை குத்திடுவாங்க. பிரைவேட் கம்பெனி பத்தி முன்னாடி நானும் இளக்காரமா பேசினவன்தான், 2021 செப்டம்பர்ல அப்படி ஒரு கம்பெனி புது சூப்பர்கண்டக்டர் டேப்பால பெரிய காயில் செஞ்சு 20 டெஸ்லா எட்டினப்பறம் வாய மூடிட்டேன். அங்க சம்பளம் நல்லாருக்கும், பப்ளிஷ் பண்ண விடுவாங்களான்னு சேர முன்னாடியே எழுத்துல வாங்கிக்கங்க. மெஷின் லேர்னிங் கத்துக்கணுமான்னா கத்துக்கங்க, சுவிட்சர்லாந்துல லோசான்ல டிசிவி மெஷின்ல பிளாஸ்மா வடிவத்த நியூரல் நெட்வொர்க் வச்சு கட்டுப்படுத்தினது 2022லயே வந்துடுச்சு, ஆனா டிரிஃப்ட் அம்புக்குறி தெரியாம அது மட்டும் தெரிஞ்சா இந்த துறைல வேலைக்கு ஆகாது.

சொந்தக்காரங்க "எப்ப கரண்ட் வரும்"னு கேப்பாங்க, அதுக்கும் நம்பர் தயாரா வைங்க. ஜெட் கடைசியா 2023ல ஒரே ஷாட்ல 69 மெகாஜூல் எடுத்துச்சு, அது 19 யூனிட் சொச்சம், அதுவும் பிளாஸ்மாவ சூடாக்க போட்டதவிட கம்மி. ஐட்டர் குறி 50 மெகாவாட் போட்டு 500 எடுக்கறது. இத மறைக்காம சொன்னா மரியாதையா பாப்பாங்க, "இன்னும் பத்து வருஷத்துல"ன்னு அளந்து விட்டா அடுத்த விசேஷத்துல திரும்ப கேப்பாங்க.

கடைசியா, கைடுக்கு போடற முதல் மெயில். "சின்ன வயசுலேர்ந்து நட்சத்திரம்னா உயிர்"னு ஆரம்பிக்கற மெயில் மாசத்துக்கு பத்து வரும், யாரும் ரெண்டாவது வரி படிக்கறதில்ல. அவரோட பேப்பர் ஒண்ணு எடுங்க, அதுல ஒரு படத்த நீங்களே திரும்ப போட்டு பாருங்க, ஓப்பன் சோர்ஸ் கோடு இருந்தா அதுல, இல்லன்னா சின்னதா பைத்தான்ல லீனியர் கணக்காவது. அந்த படத்த மெயில்ல வைங்க, எந்த இடத்துல உங்க வளைகோடு அவர் வளைகோட்டோட ஒட்டல, ஏன்னு நினைக்கறீங்கன்னு ரெண்டு வரி எழுதுங்க. ஒட்டலன்னா அனுப்ப முன்னாடி அந்த ரூட் 2ஐ ஒரு தடவ பாத்துடுங்க.